உச்சிக்கிளைப் பழம்

பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஜப்பானின் வடக்கு மலை ஒன்றில் யசுகே என்பவன் கரி சுட்டுப் பிழைத்துவந்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையும் இல்லை. பனி கொட்டத் தொடங்கினால் பாதை மூடிவிடும். அது உருகும்வரை அவன் வாசலுக்கு ஒரு ஆளும் வராது. பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பைத் தேநீர் ஊற்றிவிட்டு, ஒன்றைத் திரும்பக் கெண்டியில் கொட்டுவான்.

அவனுக்கென்று இருந்தது ஒரு சின்னான் குருவிதான். குளிர்காலம் முழுக்க அவன் கூரைக்கடியில் தங்கி, வாய் ஓயாமல் ஊர்க்கதை பேசும். வாசலில் ஒரு காக்கிப் பழ மரம் நின்றது. போலீஸ் காக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தக்காளிபோல உருண்டு சிவந்த பழம். யசுகே அவற்றைப் பறித்து, தோல் சீவி, கயிற்றில் கட்டி, இறவாரத்தில் உலரவிடுவான். உச்சியில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்லும் சின்னான்.

"பனி மூடிட்டா பாறை எது, கூரை எதுன்னு தெரியல அண்ணே. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் உன் வீட்டுல இறங்குறேன்."

ஒரு வருஷம் குளிர் வந்தது, சின்னான் வரவில்லை. அந்தப் பக்கம் வந்த காக்கையிடம் விசாரித்தான்.

"உன் சிநேகிதனா? கடற்கரைக் கிராமத்துல வீடு வீடா உட்கார்ந்து கதை கேட்டுக்கிட்டிருக்கான்" என்றது காக்கை.

யசுகேவுக்கு வயிறு எரிந்தது. "அங்கதான் அத்தனை பேர் இருக்காங்களே, இங்க எதுக்கு வரணும்?" என்று மரத்தில் ஏறி, உச்சிப் பழத்தைப் பறித்து, வாசலில் நின்று தின்றான். நல்ல இனிப்புதான். கொட்டையைத் துப்பிவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் பனி கண்மண் தெரியாமல் கொட்டியது. மேலே எங்கிருந்தோ குரல் கேட்டது.

"அண்ணே! யசுகே அண்ணே! எங்க இருக்கே?"

'தேடட்டும்' என்று அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தான். பாழாய்ப்போன ரோஷம். குரல் கிட்டே வந்தது, விலகியது, கடைசியில் வெறும் கீச்சாகத் தேய்ந்தது. அதற்குமேல் தாங்காமல் கதவைத் திறந்து, "தம்பி, இங்க! இங்க இருக்கேன்!" என்று கத்தினான். எங்கும் வெள்ளை. பதில் வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவன் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச யார் இருந்தார்கள்?

பனி உருகியதும் சின்னான் வந்து மரத்தில் உட்கார்ந்தது. யசுகே ஓடினான்.

"வந்துட்டியா! தப்பு என்னோடதுதான். திட்டு, ஏதாவது பேசு!"

அது வாயைத் திறந்தது. "ஹீ... யோ..." என்று கீச்சுக் குரல் மட்டுமே வந்தது. பேச்சு முழுவதும் பனியில் கத்தியே தீர்ந்துபோயிருந்தது. ஊரூராய் உட்கார்ந்து அது கதை சேர்த்ததெல்லாம் தனக்குச் சொல்வதற்காகத்தான் என்பது யசுகேவுக்கு அப்போதுதான் உறைத்தது. மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதான்.

அடுத்த குளிருக்கு அவன் உச்சிப் பழத்தைத் தொடவில்லை. சின்னான் வந்தது, கொத்தியது, நெடுநேரம் கீச்சிட்டது. அவனும் எல்லாம் புரிந்ததுபோல "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

அன்று முதல்தான் ஜப்பானியர்கள் காக்கி மரத்தை மொட்டையாகப் பறிக்காமல், உச்சியில் ஒரு பழத்தை விட்டுவைக்கிறார்கள். சின்னானும் தவறாமல் வந்து, பழத்தைக் கொத்திவிட்டு, அந்தப் பழைய கதைகளை இன்னும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.