கோயில்பிள்ளையின் இலை

"அம்மா, இந்தச் சபையில அன்பே இல்ல."

சொன்னவர் கோயில்பிள்ளை. வயது அறுபத்தொன்று. எதிரே இருந்தவர் புதிதாக வந்த போதகர் ரூபாவதி. மகள் வயதுப் போதகரிடம் மனம் விட்டுப் பேசுவது அவருக்கு லேசில்லை. வேறு போக்கிடமும் இல்லை.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் சொல்லுதீங்க?"

"இருபத்திரண்டு வருசமா அசனத்துல நான்தான் குழம்பு வாளி தூக்குதேன். ஊரே என் கையால சாப்பிட்டிருக்கு. என் வீட்டுக்காரி செத்துப்போய் ஆறு மாசம் ஆச்சு. சாப்பிட்டீங்களான்னு கேக்க ஒரு நாதியில்ல."

"யாருமே வரலியா?"

"மொத வாரம் நாலஞ்சு பேர் தூக்குச்சட்டியோட வந்தாவ. எனக்கே பொங்கத் தெரியும்னு திருப்பி அனுப்பிட்டேன்."

போதகர் சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்டார்.

"ஞாயித்துக்கெழம அசனம். நீங்க வாளியத் தொடக் கூடாது. பந்தியில உக்காரணும்."

"நானா? எல்லாரையும் சாப்பிட வச்சிட்டு, வீட்டுக்குப் போய் ரசம் வச்சுக்கிறதுதாம்மா என் வழக்கம்."

"இந்தத் தடவ உக்காருங்க."

அசனம் என்பது, கோயில் திருநாளில் சபையார் எல்லோரும் கூடிச் சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. அன்றைக்குக் கோயில்பிள்ளை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

சோற்றுக் கூடை வந்தது. பக்கத்து இலையில் சோறு விழுந்தது. அவர் இலையைத் தாண்டிப் போனது.

"அண்ணாச்சி மேற்பார்வைக்கு உக்காந்திருக்காவ" என்று யாரோ சொன்னார்கள்.

அடுத்த கூடை வந்தது. அதுவும் தாண்டிப் போனது. அதைப் பிடித்திருந்தவர் போதகர்.

"அம்மா, என் இல வெறுமயா இருக்கு."

"பாத்தேன் அண்ணாச்சி. கேட்டா போடுவாங்க."

நிற்காமல் போய்விட்டார்.

கோயில்பிள்ளைக்குக் கோபம் வந்தது. எழுந்துவிடலாமா என்று பார்த்தார். எழுந்தால் போகவேண்டியது அந்தப் பூட்டிய வீட்டுக்குத்தான்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத வாய்.

"எனக்கு..."

யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குக் கொஞ்சம் சோறு போடுங்க."

பந்தி திரும்பிப் பார்த்தது. நான்கு பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். இலை கொள்ளாமல் சோறு குவிந்தது.

எதிர்வீட்டு வேதமணி ஆட்டுக்கறிக் குழம்பு வாளியோடு வந்து குனிந்தாள். கரண்டி இலைக்கு மேலே நின்றது.

"அண்ணாச்சி, நீங்க கறி சாப்பிடுவீங்களா? இத்தன வருசத்துல அதுகூட எங்களுக்குத் தெரியாதே!"