இருபத்தொன்பது வயது நூல்

ஆற்றங்கரை ஆசிரமத்தில் குருவாக இருந்த உமையம்மைக்கு வயது முப்பத்திரண்டு. அவளுடைய சீடர் மாசிலாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. அங்கே பரம்பரையாகச் சொல்லிக்கொடுத்து வந்த ஞான நூலில் இருநூறு பாட்டு. இவர் கற்றது பாதிதான். மீதியையும் கற்றுவிட்டே கண்ணை மூடுவது என்று வீட்டை விட்டு வந்திருந்தார்.

ஒருநாள் காலை அடுப்படிக்குள் நுழைந்த உமையம்மை மேலே பார்த்தாள்.

“பெரியவரே, ஏட்டை எதுக்குப் புகையில தொங்கவிட்டிருக்கீங்க? கருவாடா அது?”

மாசிலாமணி நெளிந்தார். “பழசாத் தெரியட்டும்னுதான் தாயே. அரண்மனை அதிகாரி இன்னிக்கு வர்றார். ஆயிரம் வருஷம் ஆகாத நூலை இனிமே யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாதாம். அக்கரை ஆசிரமத்துல ஐயாயிரம்னு சொல்லி சால்வை வாங்கிட்டாங்க.”

“கூடவே இருந்து எண்ணினாங்களாமா?”

“நாம ஆறாயிரம்னு சொல்லிட்டா என்ன?”

அவள் ஏட்டை அவிழ்த்து முந்தானையால் கரியைத் துடைத்தாள்.

“நிஜமாவே எவ்வளவு பழசு தாயே?”

“தெரியாது.”

“உங்க குருவுக்கு?”

“அவருக்கும் தெரியாது. பாட்டை அவர் தன் குரு சொல்லக் கேட்டார். அவர் சொல்ல நான் கேட்டேன்.”

மதியம் அதிகாரி இரண்டு சேவகர்களோடு வந்தார். ஏட்டைக் கையில் வாங்கியதும் நேரே கடைசி ஓலைக்குப் போனார்.

“விபவ வருஷம் தை மாதம் எழுதி முடிந்தது.” வாசித்துவிட்டு விரல் மடக்கி எண்ணினார். “இருபத்தொன்பது வருஷம். உங்களைவிட மூணு வயசு சின்னதும்மா இது.”

“ஐயா, அது படியெடுத்த வருஷம்,” என்றார் மாசிலாமணி. “ஏடு செல்லரிச்சா புது ஓலையில பார்த்து எழுதுவோம். எழுதினவர் முடிவுல அந்த வருஷத்தைப் போடுவார். நூலோட வயசு இல்லீங்க அது.”

“பழைய ஏடு எங்கே?”

“ஆடிப் பெருக்குல ஆத்தோட விட்டாச்சு. அதான் வழக்கம்.”

“அதுக்கு முந்தினது?”

“அதுவும் ஆத்துலதான்.”

“அப்ப ஆத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும்.” சேவகர்கள் சிரித்தார்கள். அதிகாரி குரலைத் தணித்தார். “ஆயிரத்துக்கு மேல நீங்களே ஒரு கணக்கு சொல்லுங்கம்மா. எழுதிக்கிட்டுப் போயிடறேன். எனக்கும் வேலை முடியும்.”

மாசிலாமணி கண்ணாலேயே கெஞ்சினார்.

“தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டு, அப்புறம் எந்த வாயால ஞானம் சொல்லிக்கொடுக்கறது?” என்றாள் உமையம்மை.

“அப்படின்னா நூலுக்குத் தடை போட்டு ஏட்டை எடுத்துக்கிட்டுப் போக வேண்டியிருக்கும்.”

அவளே ஏட்டைக் கயிறு சுற்றி, முடிச்சுப் போட்டு நீட்டினாள். “மழை படாம வச்சுக்குங்க. நேரம் கிடைச்சாப் படிங்க.”

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் நூறு பாட்டு பாக்கி.

“அழற நேரத்துல எழுத்தாணியை எடுங்க பெரியவரே. புது ஓலையும் வேணும்.”

அதிகாரி வாசலைத் தாண்டுவதற்குள் உமையம்மை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முதல் பாட்டை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். மாசிலாமணி எழுதினார். இரண்டாம் பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கியது.

அதிகாரி திரும்பி வந்தார். “தடை போட்டிருக்கேன்ல?”

“உங்க கையில இருக்கிற இருபத்தொன்பது வயசுக்குப் போட்டீங்க. இது இப்பத்தான் பிறக்குது.”

“எழுதி முடிச்சதும் இதையும் எடுப்பேன்.”

“எடுங்க. நாளைக்கு மறுபடி எழுதுவோம். தோப்பு முழுக்கப் பனைதான்.”

“உங்களையே சிறையில வைக்கலாம்.”

“வைக்கலாம். அங்கேயும் காவலுக்கு ஆள் இருப்பாங்க இல்லையா? அவங்களுக்குச் சொல்லுவேன்.”

அதிகாரி அவளை விட்டுவிட்டு மாசிலாமணியிடம் குனிந்தார். “நீங்க விவரம் தெரிஞ்சவர். குத்துமதிப்பா ஒரு வயசு சொல்லுங்க. வாங்கின ஏட்டை இங்கேயே வச்சுட்டுப் போறேன்.”

ஏடு மாசிலாமணியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டிருந்த ஓலையைப் பார்த்தார்.

“நடுவுல பேசாதீங்க ஐயா,” என்றார். “பாட்டு விட்டுப்போயிடும்.”