அம்மை போட்ட மோட்டார்

கீழைமங்கலம் சமஸ்தானத்து ராஜா திருவேங்கடராயர் நல்லவர்தான். ஆனால் கொஞ்சம் புகழ்ந்துவிட்டால் போதும், பூசணிக்காயைக் காட்டி மாம்பழம் என்றாலும் மோந்து பார்த்துத் தலையாட்டுவார். இது திவான் பராங்குசத்துக்குத் தெரியும். எங்கோ கிடந்த பழைய மோட்டாரைப் பிடித்து, பளபளவென்று சிவப்புச் சாயம் பூசி, அரண்மனை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"ஊட்டி துரை வைத்திருந்த வண்டி, மகாராஜா! வெயிலே படாத உடம்பு!"

ராஜா ஏறி ஒரு சுற்று வந்தார். முதல் வளைவிலேயே கதவு தானாகத் திறந்துகொண்டது.

"பார்த்தீர்களா? ராஜா என்றால் கதவுக்குக்கூட மரியாதை தெரிகிறது!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "வருகிற வெள்ளிக்கிழமை இளவரசனை மடியில் வைத்துக்கொண்டு நகர்வலம்!" என்று அறிவித்துவிட்டார்.

ராணி மங்களேஸ்வரிக்கு அது தலைப்பிள்ளை. இன்னும் பல் முளைக்கவில்லை. பிள்ளைக்குப் பழகட்டுமே என்று, நின்றிருந்த வண்டிக்குள் அதை வைத்துக்கொண்டு சற்று உட்கார்ந்தாள். பிள்ளை கிலுகிலுப்பையைக் கீழே போட்டது. குனிந்து தேடினால் காணோம். ஓரம் விலகியிருந்த காலடி விரிப்பைத் தூக்கினாள். அங்கே ஓட்டை. ஓட்டைக்குக் கீழே மண். மண்ணில் கிலுகிலுப்பை.

பிள்ளையை இறுக்கிக்கொண்டு ராஜாவிடம் ஓடினாள்.

"கிலுகிலுப்பை போன வழியில் நம் பிள்ளை போக எவ்வளவு நேரமாகும்?"

"அது காற்று வரத் துரைமார் வைத்த ஜன்னலாம். திவான் சொன்னார்."

"காலுக்குக் கீழேயா ஜன்னல் வைப்பார்கள்?"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இனி அந்த வண்டியைக் குறை சொல்கிற நாக்கு இருக்காது! யாராக இருந்தாலும் சரி!"

ராணி அழுது பார்க்கவில்லை. அவையில் எல்லாரையும் சிரிக்க வைக்கும் வாஞ்சியப்பரைக் கூப்பிட்டனுப்பினாள்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். சாயத்துக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கினார். அப்பளமாக நொறுங்கி, உள்ளேயிருந்து துரு கொட்டியது. விரலை நக்கிப் பார்த்தார்.

"உப்பு! ஊட்டியில் ஏது ராணியம்மா கடல்?"

"அதை அவரிடம் சொல்லுங்களேன்!"

"சொன்னால் நாக்கு போய்விடுமே. என் வீட்டுக்காரி வைக்கிற வத்தக்குழம்புக்காவது அது வேண்டும்." கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார். "அரண்மனைத் தோட்டத்தில் வேப்பமரம் இருக்கிறதல்லவா?"

வெள்ளிக்கிழமை வந்தது. ராஜா பட்டுத் தலைப்பாகையோடு வெளியே வந்தார். ராணி பிள்ளையை இறக்கிவிட மனமில்லாமல் பின்னால் வந்தாள். வண்டி முழுக்க வேப்பிலைத் தோரணம்! எதிரே கைகூப்பியபடி வாஞ்சியப்பர்.

"என்னய்யா இது?"

"நான் குறை சொல்லவில்லை மகாராஜா. வண்டிக்கு அம்மை போட்டிருக்கிறது. மேலெல்லாம் முத்து முத்தாக இருக்கிறது, தொட்டுப் பாருங்கள்."

ராஜா தொட்டார். ஆமாம், முத்துதான்! சட்டென்று செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மங்களம்! பிள்ளையைக் கிட்டே கொண்டுவராதே!"

ராணி சந்தோஷமாகப் பத்தடி பின்னால் போனாள்.

"இப்போது என்ன செய்வது?"

"வழக்கம்தான். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினால் அம்மா இறங்கிவிடுவாள்."

பக்கத்தில் நின்ற திவான் குறுக்கே ஓடிவந்தார். "ஐயையோ! தண்ணீர் வேண்டாம்! வண்டி தாங்காது!"

"திவான் அவர்களே," என்றார் வாஞ்சியப்பர், "குறையா சொல்கிறீர்கள்? நாக்கு பத்திரம்!"

திவான் வாயைப் பொத்திக்கொண்டார்.

குடம் குடமாக ஊற்றினார்கள். முதலில் சிவப்புச் சாயம் வழிந்தது. அப்புறம் தார் தடவிய சாக்குத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கடைசியில் 'தொப்'பென்று ஒரு சத்தம். அடித்தகடு, மெத்தை, விரிப்பு எல்லாம் மண்ணில் கிடந்தன. முதுகெலும்பு அற்ற வண்டி நடுவில் தொய்ந்து வளைந்தது.

"அம்மா இறங்கிவிட்டாள், மகாராஜா. கூடவே தரையும் இறங்கிவிட்டது."

ராஜா உள்ளே எட்டிப் பார்த்தார். வெறும் மண். திரும்பி ராணியின் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்.

"திவானே! இதுவா வெயில் படாத உடம்பு?"

"மகாராஜா, ஊட்டிக் குளிரில்..."

"குளிரில்லை, கடற்கரை உப்பு," என்றார் வாஞ்சியப்பர். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே, இந்த வண்டி நினைத்தது. திவான்தான் மறந்துவிட்டார்."

"இந்த ஆளை என்ன செய்யலாம்?"

"அவர் ஊருக்கே அனுப்பிவிடுங்கள். இதே வண்டியில்."

"இது எப்படி ஓடும்?"

"வண்டி ஏன் ஓட வேண்டும்? தரைதான் இல்லையே! உள்ளே நின்றால் கால் மண்ணில் படும். அவரே ஓடிக்கொள்வார்!"

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று விழுந்தது. அதைப் பார்த்துப் பிள்ளையும் பொக்கை வாயைத் திறந்து கெக்கெக்கென்று சிரித்தது. ராணிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தன.

ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வாஞ்சியப்பருக்குப் போட்டார். "வண்டிக்குப் போட்ட முத்து போகட்டும். உனக்கு இந்த முத்து!"

வாஞ்சியப்பர் மாலையைத் தடவிப் பார்த்தார். பிறகு பணிவாகக் கேட்டார்:

"மகாராஜா, இதைத் திவானா வாங்கித் தந்தார்? அப்படியென்றால் இன்னும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள்!"