விடுதிச் சோற்றில் கல்

இது என் அறைத்தோழன் சொல்லக் கேட்டது. நான் நேரில் பார்க்கவில்லை.

விடுதிக் காப்பாளருக்குச் சிறுநீரகத்தில் கல். சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் சமையற்காரி மாசாணத்தை நிறுத்தினார்.

"நீ அரிசி புடைக்கிற லட்சணம்தான் எனக்குள்ள கல்லாக் கெடக்கு. இல்லேன்னு நிரூபி. முடியாட்டி வேலைய விட்டுப் போ."

மாசாணத்துக்கு மாணவர்களின் முகத்தைப் பார்க்கவே கூசியது. குனிந்தபடியே சொன்னாள்:

"இந்தப் பிள்ளைகளும் அதே பானைச் சோறுதான சார் திங்குதுக? அதுகளுக்குக் கல்லு இல்லியே. அதுகளுக்குன்னு வர்ற பாலக்கீரையத்தான் நீங்க ஒருத்தரே தெனமும் அரைச்சுக் குடிக்கிய. டாக்டர்ட்ட அதச் சொன்னியளா?"

காப்பாளர் சாப்பிடாமலே எழுந்து போனார். மறுநாள் மாசாணம் பிள்ளைகளுக்குக் கீரை கடைந்தாள்.

பிறகு விசாரித்தேன். பாலக்கீரையில் ஆக்சலேட் என்னும் உப்பு அதிகம். மிதமிஞ்சினால் சிலருக்குச் சிறுநீரகக் கல் வரலாம். சோற்றுக் கல் பல்லைத்தான் உடைக்கும்.