வெள்ளெலி வளை கைமாறின கதை

காட்டுக்குள்ள ஒரு குளம். குளத்தங்கரையில ஒரு சப்பாத்திக் கள்ளி. அதுக்குப் பக்கத்துல தரைக்கு அடியில ஒரு வளை. செவந்தின்னு ஒரு வெள்ளெலியும் அவ புருஷன் கூத்தனும் நாலு குட்டிங்களோட அதுல இருந்தாங்க.

வளைன்னா சும்மா ஓட்டைன்னு நினைச்சுக்காதீங்க. முன்வாசல்ல நுழைஞ்சா மூணு வளைவு. அப்புறம் தானியம் வைக்கிற அறை. அப்புறம் குட்டிங்க தூங்குற அறை. அங்கேர்ந்து நேரா மேல ஏறினா பின்வாசல். அது வெளியே தெரியவே தெரியாது, மெல்லிசா மண்ணு வச்சு மூடியிருக்கும். முன்வாசல்ல பாம்பு நுழைஞ்சா மூக்கால ஒரே இடி. மண்ணு உடையும், மொத்தக் குடும்பமும் வெளியே பாஞ்சிரும். பின்வாசல் எங்க இருக்குன்னு வீட்டுக்காரங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பக்கத்து வளை அத்தைக்குக்கூடத் தெரியாது. வெள்ளெலியோட உசுரே அதுலதான் இருக்கு.

அந்த வருஷம் குளத்துப் பக்கம் புல்லு விதை பிடிக்கல. மேக்கால சோளக்காடு கதிர் விட்டு நின்னுது. தினமும் அவ்வளவு தூரம் போயிட்டு வர முடியுமா? வழியில நரி, மேல ஆந்தை. இந்த வளையைக் குடுத்துட்டு, சோளக்காட்டு வரப்புல ஒரு வளை வாங்கலாம்னு முடிவு பண்ணாங்க. காட்டுல காசு ஏது, வளைக்கு வளைதான். புதுசாத் தோண்டலாமேன்னு கேப்பீங்க. வரப்பு மண்ணு காஞ்சு கல்லாக் கெடந்துச்சு, பல்லு பேந்துரும்.

"ஏங்க, ஆமை பெரியப்பாவைப் பாப்போம்"னு செவந்தி சொன்னா.

குளத்துல வேலப்பன்னு ஒரு கிழட்டு ஆமை. வீடு மாத்தி விடுறதுதான் அவருக்குத் தொழில். முன்னாடி ஒரு தடவ முள்ளம்பன்றி தன் குகையை விக்கப் பாத்துச்சு. தரையெல்லாம் அது உதுத்த முள்ளு. பாக்க வந்தவங்க நொண்டிக்கிட்டே திரும்பிப் போனாங்க. ஆறு மாசம் கழிச்சு ஆமை ஒரு உடும்பைக் கூட்டிட்டு வந்தாரு. உடும்புத் தோலுல முள்ளு ஏறாது. அதோட அதுக்குச் சொந்தக்காரங்க தொல்லை தாங்கல, வீட்டுப் பக்கம் எவனும் கால் வைக்காம இருந்தா போதும்னு இருந்துச்சு. அன்னைக்கே குடி வந்துடுச்சு. அந்த உடும்போட மச்சினன் ஒருத்தன், கறையான் புத்துல தலையை விட்டு மாட்டிக்கிட்டு மூணு நாளு புத்தோடவே நடந்தான். சரி, அது கெடக்கட்டும்.

ஆமை ஓட்டுக்குள்ளேர்ந்து தலையை நீட்டவே ரொம்ப நேரம் ஆச்சு.

"எத்தனை வாசல்?"

"ரெண்டு, பெரியப்பா."

"ரெண்டாவதைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்காத. பேச்சு முடிஞ்சு, குட்டிங்களோட நீங்க காலி பண்ணின பிறகு வாங்குறவன் காதுல நானே சொல்லுவேன். அது வரைக்கும் ஒத்த வாசல் வீடுதான்."

"எத்தனை நாளாகும்?"னு கூத்தன் கேட்டான்.

"பதினஞ்சு நாளு. மேலயும் ஆகலாம். வர்றவன் என்ன திங்கிறான்னு பாக்கணும்ல."

"அதை அவன்கிட்டயே கேட்டுடலாமே."

"கேட்டா எல்லாரும் புல்லுன்னுதான் சொல்லுவாங்க மாப்ள. நான் அவன் எச்சத்தைப் போய்ப் பாப்பேன். அதுல ரோமம் கெடந்தா உங்க வாசப்படியை மிதிக்க விடமாட்டேன்."

திரும்பி வர்ற வழியெல்லாம் கூத்தன் முணுமுணுத்தான். "பதினஞ்சு நாளு ஊரான் எச்சத்தைக் கிளறிக்கிட்டு உக்காந்திருப்பாராம். அதுக்குள்ள சோளம் அறுத்தே முடிஞ்சிடும்."

வேப்பமரத்து மேலேர்ந்து ஒரு குரல் கேட்டுச்சு. "என்ன மாமா, வளை விக்கிறீங்களாமே? மூணு நாளு குடுங்க எனக்கு."

பாத்தா, கருத்தான் குயிலு. பளபளன்னு கறுப்பு உடம்பு, சிவப்புக் கண்ணு, தேன்ல தோச்செடுத்த குரல்.

"இதுக்கு முன்னாடி எத்தனை வீடு மாத்தி விட்டிருக்கீங்க தம்பி?"னு செவந்தி கேட்டா.

"அக்கா, நான் பொறந்ததே அடுத்தவங்க வீட்ல. என் புள்ளைங்க வளர்றதும் அடுத்தவங்க வீட்ல. வீட்டைப் பத்தி என்னை விட யாருக்குத் தெரியும்?"

கேள்விக்கு அது பதிலே இல்ல. ஒரு குச்சி எடுத்துக் கூடு கட்டாதவன் அவன். தரைக்கே எறங்க மாட்டான், வளைக்குள்ள எங்க எட்டிப் பாத்தான்? ஆனா கூத்தனுக்கு அந்தக் குரல்ல சொக்கிப் போச்சு.

"வீட்ல என்ன விசேஷம் மாமா? அதைத்தான் எடுத்து விடணும்."

செவந்தி புருஷன் வாலை மிதிச்சா. அவன் வாலை உருவிக்கிட்டு, பெருமையா ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னான்.

மறுநாள் வெளுக்குறப்பவே குயிலு ஆரம்பிச்சுட்டான். காடு மொத்தமும் கேட்டுச்சு.

"அருமையான வளை! உள்ள ரெண்டு அறை! முன்வாசல் கள்ளிக்குக் கிழக்க! பின்வாசல் கள்ளி வேருக்கு அடியில, மூக்கால தொட்டா திறந்துக்கும்! திறந்தா நேரா குட்டிங்க அறை! நாலு குட்டி வளர்ற ராசியான வீடு!"

உள்ள படுத்திருந்த செவந்திக்கு ரோமம் எல்லாம் சிலிர்த்து நின்னுடுச்சு.

"ஏங்க, அவனை நிறுத்தச் சொல்லுங்க."

"விளம்பரம்னா அப்படித்தாண்டி இருக்கும்."

அன்னைக்கு வீடு பாக்கக் கூட்டமோ கூட்டம். வாங்க வந்தவங்க யாரு? தவளை ஒண்ணு எட்டிப் பாத்துட்டு, "ஈரமே இல்லையே, இதுல எப்படித்தான் குடித்தனம் பண்றீங்களோ"ன்னு சொல்லிட்டுப் போச்சு. ஓணான் தலையை மேலயும் கீழயும் ஆட்டிச்சு, கூத்தன் சம்மதம்னு நினைச்சுட்டான். ஓணான் எதுக்குத்தான் தலையாட்டாது? இந்த மிதி தாங்காம, மறுநாள் குட்டிங்களை அத்தை வளையில விட்டுட்டு, ரெண்டு பேரும் விதை பொறுக்கப் போயிட்டாங்க.

மத்தியானம் திரும்பி வந்தப்ப குயிலு குதிச்சுக்கிட்டு இருந்தான்.

"மாமா, பார்ட்டி அமைஞ்சு போச்சு. புருஷன் பொண்டாட்டி ஜோடியா வந்தாங்க. புருஷன் முன்வாசலைப் பாத்தாரு, அந்தம்மா பின்வாசலைப் பாத்தாங்க. ஒரே நேரத்துல. எவ்வளவு ஒத்துமை!"

"யாரு அவங்க?"ன்னு செவந்தி முன்னாடி வந்தா.

"பேரு கேக்கல. கள்ளி நிழல்ல இருந்தாங்க, மேலேர்ந்து சரியாத் தெரியல. ஆளு நல்ல நீளம். அதிகம் பேசல. குட்டிங்க எத்தனைன்னு மட்டும் ரெண்டு தடவ கேட்டாங்க. புள்ளைங்க மேல அவ்வளவு ஆசை. நாளைக்கு வெயில் சாயுறப்ப வாங்க, குடும்பம் மொத்தமும் வீட்ல இருக்கும்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

செவந்தி வாசல் மண்ணைப் பாத்தா. நேத்துக் கூட்டத்தோட கால் தடம்தான், புதுசா ஒண்ணுகூட இல்ல. வளைஞ்சு வளைஞ்சு ஒரே ஒரு கோடு, வாசல் வரைக்கும் வந்து திரும்பியிருந்துச்சு. கள்ளியைச் சுத்திப் போய்ப் பாத்தா. அங்கயும் அதே மாதிரி ஒரு கோடு.

சாரைப் பாம்பு. ஒண்ணு இல்ல, ரெண்டு.

செவந்தி அத்தை வளைக்கு ஓடினா. அத்தை குட்டிங்களை வெளியே தள்ளி விட்டுட்டு, "உங்க வாசம் புடிச்சு அது இங்க வரும். எனக்கும் புள்ளைங்க இருக்கு தாயி"ன்னு அழுதுகிட்டே வாசலை அடைச்சுக்கிட்டா. நாலு குட்டியைக் கவ்விக்கிட்டு வெட்டவெளியில ஓடவா முடியும்? மேல பருந்து வட்டமடிக்குது.

ரெண்டு பேரும் ஆமைகிட்ட போய் நின்னாங்க. ஆமை திட்டல.

"மூணாவது வாசல் தோண்டுங்க. குளத்துப் பக்கமா, கோரைப் புல்லுக்குள்ள வந்து முடியணும். மண்ணை வெளியே தள்ளாதீங்க, புது மண்ணு காட்டிக் குடுத்துரும். தானிய அறை ஓரமாக் குவிங்க, வழி அடைபடக் கூடாது."

"இப்பவே கோரைக்குள்ள ஓடிடுறோமே பெரியப்பா"ன்னு கூத்தன் கெஞ்சினான்.

"காலி வீட்டைப் பாத்தா பாம்பு மோப்பம் புடிச்சுப் பின்னாடியே வரும். ரெண்டும் உள்ள நுழையுற வரைக்கும் நீங்க உள்ளதான் இருக்கணும். வெளியே வந்ததும் கோரைக்குள்ளயே வாய்க்கால் ஓரமா மேக்க போங்க. சோளக்காட்டு முதல் வரப்புல ஒரு வளை இருக்கும், அதுக்குள்ள பூந்துக்குங்க. வாசம் எப்படி இருந்தாலும் வெளியே வராதீங்க."

"அது யாரு வளை? எங்க வளையை யாரு வாங்குறது?"

"அதைக் கேட்டா உங்களுக்குக் கை ஓடாது. போய்த் தோண்டுங்க."

தோண்டினாங்க. நகம் பிஞ்சு ரத்தம் வந்துச்சு. மறுநாள் வெயில் சாயுறப்ப கோரை வேரு பல்லுல பட்டுச்சு. கடைசி விரக்கடை மண்ணை விட்டுட்டு, குட்டிங்களை நடுவுல வச்சுக்கிட்டு உக்காந்தாங்க. வெளியே குயிலு பாடிக்கிட்டு இருந்தான்.

முதல்ல முன்வாசல் இருட்டாச்சு. சரசரன்னு ஒரு சத்தம், முதல் வளைவுல. ஒரு குட்டி கீச்சுன்னுச்சு, செவந்தி அதைத் தன் வயித்துக்குள்ள அமுக்கிக்கிட்டா.

"போயிடலாம்டி"ன்னு கூத்தன் முணுமுணுத்தான்.

"இன்னொண்ணு வரல."

ரெண்டாவது வளைவு. அப்ப மேலேர்ந்து பொடி மண்ணு அவ முதுகுல உதிர்ந்துச்சு. அண்ணாந்து பாத்தா, பின்வாசல் மண்ணை உடைச்சுக்கிட்டு ஒரு மூக்கு. அதுலேர்ந்து பிளந்த நாக்கு ஒண்ணு நீண்டு, குட்டிங்க படுக்கிற புல்லைத் தடவிப் பாத்துச்சு.

"இப்ப"ன்னா செவந்தி.

கூத்தன் முட்டினான். மண்ணு உடையல. இன்னொரு தடவ முட்டினான். பின்னாடி மூச்சு சீறுது. மூணாவது முட்டுல வெளிச்சம் வந்துச்சு. ஒரு குட்டி, ரெண்டு, மூணு. நாலாவது பயத்துல அசையவே இல்ல. செவந்தி அதைக் கழுத்துல கவ்வி இழுத்துக்கிட்டு வெளியே விழுந்தா. அவ வாலு நுனியில ஏதோ ஜில்லுன்னு பட்டுச்சு.

வாசலுக்குப் பக்கத்துலயே ஆமை காத்துக்கிட்டு இருந்தாரு. அவ வெளியே வந்த உடனே நகந்து, தன் ஓட்டால அந்த வாசலை அடைச்சு உக்காந்துட்டாரு. உள்ளேர்ந்து தலை ஒண்ணு ஓட்டுல இடிச்சுது. டொக்கு. டொக்கு.

"திரும்பிப் பாக்காம போங்க"ன்னாரு.

கோரைக்குள்ள ஓடுறப்ப, கள்ளிப் பக்கம் வேற ஒரு சத்தம். கட்டையா, கோபமா ஒரு உறுமல். அதுக்கப்புறம் மண்ணுக்குள்ள என்னமோ அடிச்சுப் புரளுற சத்தம். குயிலு பாட்டு பாதியில நின்னு போச்சு.

வரப்பு வளைக்குள்ள நுழைஞ்சதும் கூத்தனுக்குக் கால் நாலும் விறைச்சுப் போச்சு. கீரி வாசம். சுவரெல்லாம் கீரி வாசம். ஓடத்தான் தோணுச்சு. செவந்தி வாசல்ல குறுக்கப் படுத்துக்கிட்டா. மூணு நாளு யாரும் கண்ணை மூடல.

மூணாவது நாளு ஆமை வந்து சேந்தாரு. அவர் நடைக்கு அவ்வளவு நாளாச்சு.

"கீரி தினமும் என் துறையிலதான் தண்ணி குடிக்க வரும். ரெண்டு வாசல் வளை, வாசலுக்கு ஒண்ணா ரெண்டு சாரை இருக்கு, வேணுமான்னு கேட்டேன். உள்ள பாம்பு இருந்தா உங்களுக்கு அது குறை. அவனுக்கு அதுதான் வசதி. ரெண்டையும் முடிச்சுட்டு அங்கயே குடி வந்துட்டான், இது அவன் விட்டுட்டு வந்த வளை. அவனை நீங்க பாக்கக் கூடாது, உங்களை அவன் பாக்கக் கூடாது, அதைத்தான் நான் பாத்துக்கிட்டேன். இந்த வாசம் இருக்குற வரைக்கும் எந்தப் பாம்பும் இங்க தலை வைக்காது."

"கீரி திரும்பி வந்துட்டா?"

நல்ல வார்த்தை ஒண்ணு வேணும்னு கூத்தன் அவர் முகத்தையே பாத்தான். ஆமை மழுப்பல.

"வரலாம்"னாரு. "அறுப்பு முடிஞ்சா வயல்ல மறைவு இருக்காது, எலி வேட்டைக்கு வர்றப்ப பழைய வளை ஞாபகம் வரும். கடைசிக் கதிர் சாயுறதுக்குள்ள காலி பண்ணிடுங்க. வேற இடம் நான் இன்னைலேர்ந்தே பாக்குறேன், பதினஞ்சு நாளு ஆகும்."

கூத்தன் இந்தத் தடவ முணுமுணுக்கல. "நிதானமாவே பாருங்க பெரியப்பா"ன்னான், குட்டிங்களை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக்கிட்டே.

வீட்டை விக்குற பொறுப்பை, குரல் நல்லா இருக்குன்னு ஒருத்தன் கையில குடுக்காம, பல வீட்டைக் கைமாத்தி எதை யார்கிட்ட எப்ப சொல்லணும்னு கத்துக்கிட்டவன் கையில குடுங்க.