உப்பில் நஞ்சு கண்டுபிடித்த பண்டிதர்

வெள்ளாற்றூர் மகாராஜா மாறவேள் தங்கமான மனிதர். ஆனால் கடைசியாக யார் பேசினாரோ, அவர் சொன்னதுதான் அவருக்கு உண்மை. அதனால் கடைசியாகப் பேசுவதற்கே அந்தச் சபையில் அடிபிடி நடக்கும்.

ஆஸ்தான பண்டிதர் அகோரமூர்த்தி இதில் கைதேர்ந்தவர். அரண்மனை மடைப்பள்ளிப் பொறுப்பைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்க அவருக்கு வெகுநாள் ஆசை. அங்கே தலைமைச் சமையற்காரன் ஆண்டியப்பன் அசையாமல் இருந்தான்.

ஒரு காலை பண்டிதர் சீமையிலிருந்து வரவழைத்த பெட்டியோடு சபைக்கு வந்தார். ஓர் உலோகத் துண்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். அது சீறிக்கொண்டு ஓடி, டமார் என்று வெடித்தது. மகாராஜா சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தார். மெய்க்காவலர்கள் அவருக்கு முன்பே அங்கே இருந்தார்கள்.

"இது சோடியம், பிரபு!" என்றார் பண்டிதர். பிறகு பச்சைப் புகை நிரம்பிய ஒரு குப்பியை லேசாகத் திறந்து மூடினார். சபையே இருமியது. "இது குளோரின். நெஞ்சில் ஏறினால் ஆள் காலி. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் ஆண்டியப்பன் தினமும் தங்கள் சாப்பாட்டில் போடுகிறான். கேட்டால் உப்பு என்கிறான்!"

மகாராஜாவின் முகம் வெளுத்தது. "நஞ்சு கொடுத்தவன் யாராயிருந்தாலும் தலை போகும். அதுதான் நம் சட்டம். பிடியுங்கள் அவனை!"

கையில் கரண்டியோடு ஆண்டியப்பன் இழுத்து வரப்பட்டான். "சாமி, நம்ம உப்பளத்து உப்புதாங்க!" என்று அழுதான்.

சபையில் விகடம் பேசும் திருமேனிக்குப் பொறுக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத மனிதன் கண்ணெதிரே சாகப்போகிறானே! மெல்ல எழுந்தார்.

"பிரபு, பண்டிதர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் பெண் எப்படி, பிள்ளை எப்படி என்று சொன்னாரே தவிர, கல்யாணத்தைச் சொல்லவில்லை. அணுவின் நடுவே கரு. அதைச் சுற்றி வளையம் வளையமாய் எலக்ட்ரான்கள். வம்பெல்லாம் கடைசி வளையத்தில்தான். நம் சபையில் மட்டும் அது முதல் வரிசையில்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சோடியத்தின் கடைசி வளையத்தில் ஒன்றே ஒன்று. அதை யார் தலையில் கட்டலாம் என்று அது தவிக்கிறது. குளோரினுக்கு அங்கே ஏழு. எட்டாக்க இன்னொன்று கிடைக்காதா என்று பறக்கிறது. அது கொடுத்தது, இது வாங்கியது. கொடுத்ததில் நேர்மின், வாங்கியதில் எதிர்மின். ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொண்டன. இரண்டின் ஆத்திரமும் அடங்கியது. இப்போது அது வெறும் உப்பு."

"கட்டுக்கதை!" என்று கத்தினார் பண்டிதர். "நஞ்சும் நஞ்சும் சேர்ந்தால் இரட்டை நஞ்சு!"

கடைசியாகப் பேசியவர் அவர் அல்லவா? மகாராஜா தலையாட்டினார். காவலன் வாளை உருவினான்.

"பொறு, அப்பா!" என்றார் திருமேனி. "பண்டிதரே, இந்த அரண்மனையில் சேரும்போது எல்லோரும் மகாராஜா கையால் ஒரு சிட்டிகை உப்பு வாங்கித் தின்று சத்தியம் செய்கிறோம். நீங்களும் தின்றீர்கள்தானே?"

"தின்றேன்."

"மகாராஜா தந்தது உப்பா, நஞ்சா?"

பண்டிதர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நஞ்சு என்றால் சட்டம் மகாராஜாவின் தலையைக் கேட்கும். அதைச் சொன்ன தலை அதற்கு முன்பே உருளும். மகாராஜா வேறு முன்னால் குனிந்து அவரையே பார்த்தார்.

"உ... உப்புதான், பிரபு. அமிர்தமான உப்பு!"

"விடுங்கள் ஆண்டியப்பனை!" என்றார் மகாராஜா. திருமேனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பண்டிதர் மட்டும் முணுமுணுத்தார். "இருந்தாலும் தனித்தனியே இரண்டும் நஞ்சுதானே!"

மகாராஜாவுக்கும் அதே சந்தேகம். "ஆமாம் திருமேனி, சேர்ந்ததும் குணம் அடியோடு மாறிவிடுமா என்ன?"

"மாறும், பிரபு. தங்கள் காதால் யாருக்கும் தீங்கில்லை. பண்டிதர் வாயும் தனியே இருந்தால் வெறும் சத்தம்தான். இரண்டும் சேர்ந்தன. ஒரு மனிதன் தலை போகப் பார்த்தது."

மகாராஜா காதைத் தடவிக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தன் பட்டுச் சால்வையைத் திருமேனிக்குப் போர்த்திவிட்டு, பண்டிதரின் ஆசனத்தை வாசலோரம் போடச் சொன்னார்.