இடது கையில் வாள்

ஒரு காலத்தில் கொன்றைநாட்டைச் செண்பகராயன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மாற்றிச் சொல்வான்.

பக்கத்து மேட்டுநாட்டு மன்னன் தன் உருவத்தைச் செப்புத்தகட்டில் வெட்டச் சொல்லி, மை தடவிக் காகிதத்தில் ஒற்றி, நாலா திசைக்கும் அனுப்பினான். கொன்றைநாட்டுக்கும் ஒன்று வந்தது. உருட்டி விழிக்கும் கண், முறுக்கிய மீசை. "இந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள். பௌர்ணமிக்கு என் தூதன் வருவான். எல்லைக் கோட்டையை ஒப்படைத்துவிடு" என்று கூடவே செய்தி.

"எனக்கும் ஒரு படம் வேண்டும். அந்தத் தூதன் அதைப் பார்த்து நடுங்க வேண்டும்!" என்றான் செண்பகராயன்.

அமைச்சர் திருமேனியார் வைரவ ஆசாரியை அழைத்து வந்தார். பாத்திரங்களில் பெயர் வெட்டுவதில் கெட்டிக்காரர். மன்னன் வலது கையில் வாளை ஓங்கி, இடது கையில் தாமரையை ஏந்தி நின்றான். ஆசாரி கண்ணால் கண்டபடியே தகட்டில் வெட்டினார். பாத்திரத்தில் வெட்டியது வெட்டியபடி இருக்கும். தகட்டைக் காகிதத்தில் ஒற்றினால் இடம் வலமாகிவிடும். பழகாத வேலை, அதை அவர் யோசிக்கவில்லை.

பௌர்ணமியன்று படத்தைச் சபையில் விரித்தார்கள். அமைச்சர்மேல் வெகுநாளாகப் பொறாமைகொண்ட தளவாய் இரணசிங்கர் துள்ளி எழுந்தார்.

"அரசே, இடது கையில் வாள்! அந்தக் கையால் நாம் வெற்றிலைகூடக் கொடுப்பதில்லையே! அமைச்சர் பிடித்துவந்த ஆளின் லட்சணத்தைப் பாருங்கள்!"

மன்னன் முகம் சிவந்தது. "வெட்டிய கையை வெட்டுங்கள்!"

ஆசாரி தன் வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அரசே, தூதன் வாசலுக்கு வந்துவிட்டான்" என்றார் திருமேனியார். "படம் அப்படியே இருக்கட்டும். அவன் சிரித்தால் என் கையையும் சேர்த்து வெட்டுங்கள்."

தளவாய்க்கு வாயெல்லாம் பல்.

தூதன் வந்தான். படத்தை ஏற இறங்கப் பார்த்தான். "உங்கள் மன்னருக்கு இடது கைப் பழக்கமோ?"

"இல்லை ஐயா" என்றார் திருமேனியார். "வலது கை மரியாதைக்கு உரியது. அதனால்தான் அதில் தாமரை. நட்போடு வருகிறவருக்கு அந்தக் கை. கோட்டை கேட்டு வருகிறவருக்கு இடது கையே போதும் என்பது எங்கள் மன்னரின் எண்ணம். உங்கள் அரசருக்கு எந்தக் கை வேண்டுமென்று கேட்டுச் சொல்லுங்கள்."

தூதன் சிரிக்கவில்லை. பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனான். கோட்டைப் பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த மாதம் மேட்டுநாட்டிலிருந்து பலாப்பழங்கள்தான் வந்தன.

மன்னன் ஆசாரிக்குப் பொற்காப்பு பூட்டினான், அந்த வலது கையிலேயே.

"அரசே, அது பிழையாக வந்த படம்தானே?" என்று முணுமுணுத்தார் தளவாய்.

"படத்தின் பேச்சு தூதன் வாயால் ஊர் ஊராய்ப் போய்விட்டதே, இனி எப்படிப் பிழையாகும்?" என்றார் திருமேனியார். "அரசர்தான் படத்தைப்போல் ஆகவேண்டும். இடது கை வாள்வீச்சு பழகட்டும். எதிரே நின்று அடி வாங்கத் திடமான ஆள் வேண்டும். தளவாயைவிட யார் பொருத்தம்?"

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் விடிந்ததும் மரவாளோடு பயிற்சி தொடங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் மன்னனுக்கு இடது கை நன்றாக வந்துவிட்டது. தளவாய் மட்டும் சபையில் உட்காரும்போது மெல்ல, ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தார்.